மறுபடியும் சந்திக்கிற தூரத்தில்

பணியிடைப் பயிற்சி என்றதும் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு ஓர் அரங்கமும், வருகைப் பதிவேடும், திரையில் ஒவ்வொன்றாக நகரும் ஸ்லைடுகளும்தான் நினைவுக்கு வரும். மூன்று நாள் முடிந்தால் சான்றிதழ். அந்த மூன்று நாளும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சி தர நல்ல கருத்தாளர் வாய்த்தால் புதிதாக ஒரு செயல்பாடு கிடைக்கும், கேள்வி கேட்பதில் ஒரு நுணுக்கம் பிடிபடும். சிக்கல் அடுத்த வாரம்தான் தொடங்குகிறது. அரங்கத்தில் முப்பது ஆசிரியர்களோடு அழகாக நடந்த குழு வேலை, வகுப்பில் நாற்பத்தைந்து குழந்தைகளோடு நடக்க மறுக்கிறது. எங்கே பிசகியது என்று கேட்க ஆள் இல்லை. கருத்தாளர் வேறோர் ஊரில் அடுத்த பயிற்சியில் இருப்பார். இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு ஆசிரியர் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்.

ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதற்கான வாய்ப்புகள் அருகிலேயே இருக்க வேண்டும் என்று பேசும்போது பயணச் செலவும் அலைச்சலும் மிச்சம் என்பதைத்தான் முதலில் சொல்கிறோம். அது உண்மைதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருந்தால் திரும்பி வர முடியும். கற்றுக்கொண்டதை வகுப்பில் செய்து பார்த்து, சரியாக வராததை எடுத்துக்கொண்டு அதே ஆட்களிடம் மறுபடியும் போய் உட்கார முடியும். பயிற்சி வகுப்பறைக்குள் நுழைவது இந்தத் திரும்பிவருதலில்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களிலிருந்து ஆராய்ந்ததும் இந்த ‘அடுத்த வார’த்தைத்தான். ஒரு கற்பித்தல் முறையை விளக்கி, செய்து காட்டி, பயிற்சிக் கூடத்திலேயே செய்தும் பார்க்கவைத்தால்கூட, அதைத் தம் வகுப்பில் தொடர்ந்து கையாள்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருப்பார்கள் என்றார்கள். அப்புறம் பள்ளியிலேயே சக ஆசிரியர் ஒருவர் கூட இருந்து பார்த்துப் பேசும் ஏற்பாட்டைச் சேர்த்தால் அது தொண்ணூற்றைந்துக்குப் போய்விடும் என்றார்கள். இவை தராசில் நிறுத்த எண்கள் அல்ல, நீண்ட அனுபவத்திலிருந்து சொன்ன மதிப்பீடு. ஐந்தை இருபதாகவும் தொண்ணூற்றைந்தை அறுபதாகவும் வைத்துக்கொண்டாலும் அவர்கள் சொல்ல வந்தது மாறாது.

ஏன் இவ்வளவு கடினம்? ஆசிரியர்கள் சோம்பேறிகள், மாற்றத்தை விரும்பாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் அது தவறு. சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் வேறொரு விடை தந்தார். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் அதற்குள் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியர் எப்படி நிற்பார், எப்போது அதட்டுவார், தவறான விடை வந்தால் என்ன செய்வார் என்பதெல்லாம் உடம்பிலேயே ஏறிவிடுகின்றன. வேறு எந்தத் தொழிலுக்கு வருகிறவருக்கும் இவ்வளவு நீண்ட, தானாக நடந்த பழக்கம் இல்லை. பதின்மூன்றாயிரம் மணி நேரப் பழக்கத்தை ஆறு மணி நேர உரையால் அசைக்க முடியாது என்பதில் வியப்பு என்ன? போதாததற்கு, வேலைக்கு வந்தபின் ஆசிரியர் தனியாகிவிடுகிறார். பக்கத்து அறையில் இருபது ஆண்டாகப் பாடம் நடத்துகிறவரின் வகுப்பை ஒருநாள்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறுகிறவர்கள் உண்டு.

கால அளவைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் கல்வித் துறைக்காக 2007-இல் நடந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, ஆசிரியர் பயிற்சிக்கும் மாணவர் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றிய 1,300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. கறாரான அளவுகோல்களில் தேறியவை ஒன்பதே ஒன்பது. அவற்றிலும் 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ இருந்த பயிற்சிகளால் மாணவர் தேர்ச்சியில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. அதைவிட நீண்டவற்றில் தெரிந்தது. பதினான்கு மணி நேரம் என்பது நமக்குத் தெரிந்த ‘இரண்டு நாள் பயிற்சி’யைவிடச் சற்றே அதிகம். இதை வைத்துக்கொண்டு ஐந்து நாள் தொடர்ந்து உட்காரவைத்தால் போதும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாதத்துக்கு மூன்று மணி நேரம் கூடினாலும் ஒரு பள்ளி ஆண்டில் முப்பது மணி நேரம் ஆகிவிடும். ஒவ்வொரு மூன்று மணிக்கும் நடுவில் நான்கு வார வகுப்பு அனுபவமும் கிடைக்கும்.

பயிற்சியை எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க அரசுகள் வழக்கமாகப் பிடிக்கும் வழி அடுக்குமுறை. மேலே ஒரு சிறு குழு முதன்மைக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி தரும், அவர்கள் அடுத்த நிலையில் இருப்பவர்களுக்கு, அவர்கள் அதற்கடுத்த நிலைக்கு. லட்சக்கணக்கான ஆசிரியர்களைச் சில வாரங்களில் எட்ட வேறு வழி இல்லை என்பது புரிகிறது. புதிய பாடநூல் வந்திருக்கிறது, மதிப்பெண் முறை மாறியிருக்கிறது என்ற தகவலைச் சொல்ல அது போதும். திறனைக் கடத்த முடிவதில்லை. மேலே ஐந்து நாள் நடந்தது கீழே இரண்டு நாளாகச் சுருங்கும். முதலில் கைவிடப்படுவது கலந்துரையாடலும் செய்துபார்த்தலும், மிஞ்சுவது ஸ்லைடு. பள்ளியிலேயே கூட இருந்து வழிகாட்டும் திட்டங்கள் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த ஓர் ஆய்வும் இதை ஒட்டிய ஒன்றையே காட்டியது. சிறிய அளவில் நடக்கும்போது கிடைத்த நல்ல பலன், ஆசிரியர் எண்ணிக்கை பெருகப் பெருகக் கணிசமாகக் குறைந்தது.

சரி, அருகிலேயே நடந்து, நிலைத்தும் நின்ற ஏற்பாடு எது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானின் ‘ஜுக்யோ கென்க்யூ’. பாடம் பற்றிய ஆய்வு என்று பொருள். மெய்ஜி காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்விட்டது, இன்றும் தொடக்கப் பள்ளிகளில் சாதாரண வேலையின் ஒரு பகுதி. நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கான பாடக்குறிப்பைப் பல வாரம் பேசிப் பேசி எழுதுகிறார்கள். ஒருவர் அதைத் தம் வகுப்பில் நடத்த, மற்றவர்கள் உள்ளே நின்று பார்க்கிறார்கள். அன்றைக்கே உட்கார்ந்து பேசுகிறார்கள். தேவைப்பட்டால் பாடத்தைத் திருத்தி இன்னொருவர் இன்னொரு வகுப்பில் நடத்துகிறார்.

‘பல வாரம் பேசுகிற அளவுக்கு ஒரு பாடவேளையில் என்ன இருக்கிறது’ என்று தோன்றும். ஒன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொள்வோம். முதல் கணக்காக 13-இலிருந்து 9-ஐக் கழிக்கச் சொல்வதா, 12-இலிருந்து 3-ஐக் கழிக்கச் சொல்வதா? பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் 13-ஐக் கண்ட குழந்தைக்கு அதைப் பத்தும் மூன்றுமாகப் பிரித்து, பத்திலிருந்து ஒன்பதை எடுத்து, மிஞ்சிய ஒன்றை மூன்றோடு சேர்க்கத் தோன்றலாம். 12-இலிருந்து 3 என்றால் முதலில் இரண்டை எடுத்துப் பத்துக்கு வந்து, அப்புறம் இன்னும் ஒன்றை எடுக்கத்தான் கை போகும். எந்த எண்ணைக் கொடுக்கிறோமோ அதற்கேற்ற வழியில் குழந்தையின் யோசனை போகிறது. எந்த வழி முதலில் வர வேண்டும், இரண்டும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டுமா, தவறாக 16 என்று சொல்கிற பிள்ளையிடம் என்ன கேட்பது என்று ஒவ்வொன்றும் ஒரு மாலை நேர விவாதம். ஒரு ஆசிரியர் தனியாக இதையெல்லாம் யோசித்திருக்கக்கூடும். ஐந்து பேர் ஒன்றாக யோசித்தது ஐந்து வகுப்புக்கும் போகிறது.

பார்வையாளர்களுக்கு ஒரு நெறி உண்டு. அவர்கள் பார்க்க வேண்டியது குழந்தைகளை. எந்தப் பிள்ளை எதை எழுதியது, எதை அழித்தது, பக்கத்திலிருப்பவனிடம் என்ன கேட்டது என்று குறித்துக்கொள்வார்கள். உதவி செய்யப் போவதில்லை. பிறகு நடக்கும் பேச்சு ‘நம் பாடம் எங்கே சறுக்கியது’ என்பதாக இருக்கும், ஏனென்றால் பாடக்குறிப்பு எல்லோரும் எழுதியது. நடத்தியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை. எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே மிகவும் பிடித்த இடம் இது. வகுப்பறை உற்றுநோக்கல் என்றாலே மேலதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவது என்று பழகிவிட்ட இடங்களில், கதவைத் திறக்க ஆசிரியர் அஞ்சுவது இயல்புதானே? அந்த அச்சம் இருக்கும் வரை சக ஆசிரியர் பார்வை எதுவும் பயன் தராது.

இதே ஜப்பானில் இன்னொன்றும் நடந்தது. 2009-இல் ஆசிரியர் உரிமத்தைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புதுப்பிக்க, பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் நடத்திய 30 மணி நேரப் படிப்பை ஆசிரியர்கள் சொந்தச் செலவில் முடிக்க வேண்டும். சுமை என்ற எதிர்ப்பு எழுந்தது, ஆசிரியர் பற்றாக்குறையையும் கூட்டுகிறது என்ற கவலை வந்தது. 2022 ஜூலையில் அந்த முறை ஒழிக்கப்பட்டது. சட்டத்தின் வலுவோடு வந்தது பதின்மூன்று ஆண்டில் போய்விட்டது. ஆசிரியர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது நூறாண்டைத் தாண்டி நிற்கிறது.

இந்தியாவிலேயே இதற்கு நிகரான ஒரு கதை உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளோடு தொடங்கியது ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் தொடங்கிவைத்தன. 1978-இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பிறகு அதை எடுத்து நடத்தியது. ஆறு முதல் எட்டு வரையிலான பிள்ளைகள் சோதனை செய்து அறிவியல் கற்க வேண்டும் என்பது நோக்கம். தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம்.

சோதனை வழிக் கற்பித்தலில் ஆசிரியர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் ஏராளம். விதை முளைக்கவில்லை. நான்கு குழுவுக்கு நான்கு விடை வருகிறது. ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு ஆசிரியருக்கே விடை தெரியவில்லை. கோடை விடுமுறைப் பயிற்சியில் இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட முடியாது. அதனால் அந்தத் திட்டத்தில் மாதக் கூட்டம் என்ற ஒன்றை வைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஓர் இடத்தில் கூடி, நடத்தி முடித்த பாடத்தில் என்னென்ன நடந்தது என்று பேசுவார்கள், வரப்போகும் பாடத்தின் சோதனைகளைத் தாங்களே செய்து பார்ப்பார்கள். பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வு நிறுவனங்களிலிருந்தும் அறிவியலாளர்கள் வந்து அந்தப் பயிற்சிகளில் கலந்துகொண்டார்கள். ஆசிரியர்கள் சொன்னதை வைத்துப் பாடநூலே திருத்தப்பட்டது. முப்பது ஆண்டு நடந்த திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. பாடத்திட்டம் போனது பெரிய இழப்பு. மாதாமாதம் கூடிப் பேசுவதற்கு ஆசிரியர்களுக்கு இருந்த அந்த இடம் போனது அதற்குக் குறைந்த இழப்பு அல்ல என்பேன்.

இதுவரை சொன்னதெல்லாம் ‘எப்படிக் கற்பிப்பது’ பற்றி. ஆசிரியருக்கு இன்னொரு பசியும் உண்டு, அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. தாம் கற்பிக்கும் பாடத்தின் மேல் உள்ள ஆசை. வரலாற்றை விரும்பி எடுத்துப் படித்தவர் பதினைந்து ஆண்டாக ஒரே பாடநூலின் அதே பன்னிரண்டு அத்தியாயங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தால், அந்த ஆசை என்ன ஆகும்?

இதைத் தீர்க்க அருகிலுள்ள கல்லூரியையோ பல்கலைக்கழகத்தையோ பயன்படுத்தலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரி அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகமும் அந்நகரின் அரசுப் பள்ளிகளும் சேர்ந்து 1978-இல் தொடங்கிய ஆசிரியர் நிறுவனம் அது. எந்தப் பொருளில் கருத்தரங்கு வேண்டும் என்று ஆசிரியர்களே தங்கள் பள்ளிகளில் கேட்டுச் சொல்வார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அதை மாதக்கணக்கில் நடத்துவார். ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பில் நடத்துவதற்கான பாடத் தொகுதி ஒன்றைத் தாமே எழுதி முடிக்க வேண்டும். அதற்கு மதிப்பூதியமும் உண்டு. எழுதி முடித்தது மற்ற ஆசிரியர்களுக்கும் கிடைக்கும். பேராசிரியருக்குப் பாட அறிவு, ஆசிரியருக்கு வகுப்பறை அறிவு. யாரும் யாருக்கும் கீழே இல்லை.

1974-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே தொடங்கிய எழுத்துத் திட்டமும் இதே மரபைச் சேர்ந்தது. எழுதக் கற்றுக்கொடுப்பவர் தாமும் எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை. கோடைக்காலத்தில் கூடும் ஆசிரியர்கள் எழுதுவார்கள், ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவார்கள், திருத்துவார்கள். பல ஆண்டு கழித்து வெற்றுத்தாளின் முன் உட்கார்ந்து தடுமாறும் ஆசிரியர், ‘ஒரு பக்கக் கட்டுரை எழுதுக’ என்று இனி அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட மாட்டார்.

அருங்காட்சியகங்களும் இந்தப் பணியைச் செய்திருக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1969-இல் எக்ஸ்புளோரட்டோரியம் என்ற அறிவியல் கூடத்தைத் தொடங்கிய இயற்பியலாளர் ஃபிராங்க் ஆப்பன்ஹைமர், அதற்கு முன் கொலராடோவின் ஒரு சிற்றூரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அங்கே 1984 முதல் ஆசிரியர்களுக்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. காட்சிக்கு வைத்திருக்கும் பெரிய கருவிகளைச் சாதாரணப் பொருட்களைக் கொண்டு மேசை மேல் வைக்கும் அளவில் எப்படிச் செய்வது என்று ஆசிரியர்கள் அங்கே செய்து பார்த்து, செய்முறையை எழுதி மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். அருங்காட்சியகம் என்றால் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் வரிசையில் நடத்திக் காட்டிவிட்டுத் திரும்பும் இடம் என்று மட்டும் நினைத்துவிட்டோம். பிள்ளைகள் இல்லாத ஒரு மாலையில் ஆசிரியர்கள் மட்டும் போனால் அதே இடம் வேறாகத் தெரியும்.

இங்கிலாந்தில் 1960களில் கணிதப் பாடச் சீர்திருத்தத்தோடு சேர்ந்து ஆசிரியர் மையங்கள் முளைத்தன. பள்ளி விட்டதும் வந்து உட்கார ஓர் அறை, சில புத்தகங்கள், படி எடுக்க ஒரு பொறி. 1970களின் தொடக்கத்தில் அவை 600-க்கும் மேல். 1980களின் இறுதியில் கல்விப் பணம் நேரடியாகப் பள்ளிகளின் கைக்குப் போனபோது, பொதுவில் நடந்த இந்த மையங்கள் பல மூடப்பட்டன. ஒவ்வொரு பள்ளியும் தன் பயிற்சியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றால், எல்லோருக்கும் பொதுவான அறையின் வாடகையை யார் கட்டுவது? பின்னாளில், 2006-இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தொடங்கிய ‘டீச்மீட்’ கூட்டங்களில் ஆசிரியர்கள் ஆளுக்கு ஏழு நிமிடம் பேசினார்கள். செலவில்லாத, உற்சாகமான முறை. ஏழு நிமிடத்தில் ஒரு பொறி தட்டும், அதை ஊதி வளர்க்க வேறோர் ஏற்பாடு வேண்டும்.

பெரிய தடை நேரம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பான ஓஇசிடி 2018-இல் பல நாடுகளின் ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சிக்குப் போகத் தடையாக இருப்பது பணி நேரத்தோடு மோதுவதுதான் என்று சராசரியாக 54 சதவீதம் பேர் சொன்னார்கள். மாலையிலும் விடுமுறையிலும் வந்து கற்றுக்கொள் என்பது, வீட்டில் சிறு பிள்ளைகளோ முதியவர்களோ இருக்கும் ஆசிரியர்களை, அதிலும் குறிப்பாகப் பெண்களை, வெளியே நிறுத்திவிடுகிறது. பிரிட்டனில் ஜேம்ஸ் பிரபு தலைமையிலான குழு 1972-இல் துணிச்சலான ஒரு பரிந்துரை செய்தது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு பருவம் முழுவதும் சம்பளத்தோடு வகுப்பிலிருந்து விடுபட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றது. அது எல்லோருக்குமான உரிமையாக நடைமுறைக்கு வரவில்லை. இப்போது பல அரசுகள் ஆண்டுக்கு இத்தனை மணி நேரப் பயிற்சி என்று கணக்கு வைக்கின்றன. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 100 மணி நேரம், ஸ்காட்லாந்தில் 2001 ஒப்பந்தப்படி 35, இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கையில் குறைந்தது 50. மணிகள் தேவைதான். ஆனால் கைபேசியில் ஓடவிட்ட காணொளிக்கும், சக ஆசிரியரின் வகுப்பில் நின்று பார்த்த பாடவேளைக்கும் ஒரே கணக்கு என்றால், எது எளிதோ அதுதான் பெருகும்.

அருகிலேயே நடப்பதற்கும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஒரே ஆட்கள் திரும்பத் திரும்பக் கூடினால், எல்லோருக்கும் பொதுவான தவறு எல்லோருக்கும் உறுதிப்பட்டுவிடும். எடை கூடிய கல் எடை குறைந்த கல்லைவிட வேகமாக விழும் என்று ஐந்து பேரும் தவறாக நம்பினால், ஐந்து பேரும் சேர்ந்து அதை அழகாக நடத்துவார்கள். ஜப்பானியர் பாட ஆய்வுக்கு வெளியிலிருந்து பாடம் அறிந்த ஒருவரை அழைத்துக் கடைசியில் பேசச் சொல்வது இதற்காகத்தான். கல்லூரி விரிவுரையாளர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், நூலகர், தாவரவியல் பூங்காவில் வேலை செய்பவர் என்று எங்கேயும் அப்படி ஒருவர் கிடைப்பார். பலருக்கு அழைப்புதான் வந்ததில்லை.

தொடங்க நினைக்கிற ஆசிரியருக்கு அரசாணையோ அரங்கமோ வேண்டியதில்லை. மூன்று பேர் போதும், ஒரே பாடம் எடுப்பவர்களாக இருந்தால் நல்லது. தலைமை ஆசிரியர் செய்ய வேண்டிய உதவி ஒன்றே ஒன்று, கால அட்டவணையில் மூவருக்கும் பொதுவாக ஒரு பாடவேளையைக் காலியாக விடுவது. பிள்ளைகள் ஆண்டுதோறும் தடுக்கி விழும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பின்னக் கூட்டலோ செய்வினை செயப்பாட்டுவினையோ. சேர்ந்து ஒரு பாடக்குறிப்பு எழுதுங்கள். ஒருவர் நடத்தும்போது மற்ற இருவரும் ஆளுக்கு மூன்று பிள்ளைகளை மட்டும் கவனித்து, அவர்கள் எழுதியதையும் அழித்ததையும் குறித்துக்கொள்ளட்டும். நடத்தியவரைப் பாராட்டவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அந்த ஆறு பிள்ளைகளைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசுங்கள். எழுவதற்கு முன் அடுத்த சந்திப்பின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வரும்போது மற்ற இருவரும் தத்தம் வகுப்பில் அதே பாடத்தை நடத்திவிட்டு, சரியாக வராத நோட்டுகளில் நான்கைந்தைக் கையோடு கொண்டுவரட்டும்.